தேக்குச் சரிவில் யாருக்காகக் களை பறித்தார்கள்?

காட்டு உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். குழி எவ்வளவு ஆழம் வெட்டுவது, நாற்றை எந்த மழையில் நடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், புத்தகமும் இருக்கிறது. நான் எழுதப் போவது உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எனக்குப் பிடிபடாமல் போன ஒரு விஷயம். பென்ஷன் வாங்கிக்கொண்டு கரமனையில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் இந்த நாளிலும் அது பிடிபட்டபாடில்லை. தெரிந்ததைச் சொல்லத் திருவனந்தபுரம் முழுக்க ஆள் இருக்கும்போது, தெரியாததைச் சொல்ல ஒரு கிழவன் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். வயலும் குளமும் பார்த்து வளர்ந்தவனை, நெடுமங்காட்டுக்கு அப்பால் மலையில் ரேஞ்சராகப் போட்டார்கள். யானை என்றாலே அது கோயிலில் நெற்றிப்பட்டத்தோடு நிற்கும் என்று நினைத்திருந்தவன் நான். மலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மாட்டு வண்டியில் ஏறுவேன். உடைத்த தேங்காய் வீண் போகவில்லை, யானை என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது தேக்கு.

அந்த மலையில் காணிக்காரர்கள் சிறு சிறு குடிகளாக வாழ்ந்தார்கள். ஒரு சரிவை வெட்டி எரித்து, அதில் மலைநெல்லும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் போடுவார்கள். மண் களைத்ததும் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். சர்க்கார் அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. சர்க்கார் காட்டும் சரிவில் அவர்கள் தேக்கு நாற்றை வரிசை வரிசையாக நட்டுக் காக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவில் தங்கள் பயிரை வைத்துக்கொள்ளலாம். தேக்கு ஓங்கி நிழல் விழத் தொடங்கியதும் சரிவை விட்டுவிட்டு வேறிடம் போய்விட வேண்டும். மற்ற ரேஞ்சுகளில் இந்த ஏற்பாடு படுத்துவிட்டது. நாற்றைக் கொடி மூடியது, மான் தின்றது, கேட்பார் இல்லை. என் ரேஞ்சில் ஒரே ஒரு சரிவில் மட்டும் தேக்கு தளதளவென்று நின்றது. அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்ட குடிக்கு மூட்டுக்காணி, அதாவது தலைவர், மல்லன் காணி என்பவர்.

ஒருநாள் பெரிய ஆபீசர் என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். அக்கிரகாரத்து மனிதர், கணக்கில் புலி, எதற்கும் காரணம் கேட்கிறவர்.

“என்ன ஓய், உம்ம சரிவுல மட்டும் தேக்கு இப்படி நிக்கறதே, என்ன மந்திரம் போட்டீர்?”

“நான் ஒண்ணும் போடல்ல சார். காணிக்காரங்க பாத்துக்கிடுதாங்க.”

“அதைத்தான் கேக்கறேன். ஏன் பாத்துக்கறா? அவாளுக்கு இதுல என்ன கிடைக்கறது?”

அவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். குடிகளையெல்லாம் மலையிலிருந்து இறக்கி, கீழே ரோட்டோரமாகக் குடியேற்றிவிட்டு, தேக்கு வேலையைக் காண்டிராக்டரிடம் கொடுக்க மேலிடத்தில் யோசனை இருக்கிறதாம். “காரணம் தெரிஞ்சா மத்த ரேஞ்சுலேயும் அதையே செய்யச் சொல்லலாம். உம்ம குடியும் அங்கேயே இருக்கட்டும்னு நான் எழுதலாம். காரணம் தெரியல்லேன்னா, நாளைக்கே அவா கையை விரிச்சுட்டா யார் பதில் சொல்றது? கோடை முடியறதுக்குள்ள இறக்கிடுவா. போய்க் கேட்டுண்டு வாரும்.”

இதென்ன பெரிய காரியம், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மலையேறினேன்.

முதலில் எனக்குத் தோன்றியது பயிர். நடுவில் மரச்சீனி இருக்கிறது, அதற்குக் களை பறிக்கும்போது தேக்குக்கும் பறித்துவிடுகிறார்கள், அவ்வளவுதானே என்று. சரிவின் உச்சிக்குப் போய்ப் பார்த்ததும் அது பொய்த்துவிட்டது. அங்கே பாறை அதிகம், பயிர் எதுவும் வராது. அங்கேயும் நாற்றைச் சுற்றித் துடைத்துவிட்டது போல் இருந்தது. மல்லன் காணியின் தங்கை சிருதை உட்கார்ந்து கொடி அறுத்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், தனியாகப் பயிர் வைத்துப் பிழைப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

“இங்க பயிர் இல்லியே சிருதை, பின்ன எதுக்குக் களை பறிக்குத?”

“களை இருக்கே ஏமானே.”

“அது செரி. எதுக்குப் பறிக்கணும்?”

அவள் கையிலிருந்த கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏமானுக்கு இந்தக் கொடி வேணுமாக்கும்?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்து, காரணம் எதுவாயிருந்தாலும் கூலி கொடுத்தால் இன்னும் நன்றாகச் செய்வார்கள், மற்ற ரேஞ்சுகளிலும் கூலி கொடுக்கலாம் என்று ஆபீசரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓடைப் பக்கத்து வரிசைகளுக்கு மட்டும் கூலி கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு வந்து சுத்தமாகப் பறித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் கூலி கொடுத்த வரிசைகளில் மட்டும் கொடி ஏறி நின்றது. மல்லன் காணியைக் கேட்டேன்.

“அது ஏமான்றெ வேலையல்லா? ஏமான் விளிச்சா வரும். விளிக்காம எப்படி வரது?” என்றார்.

“மத்த எடத்துக்கு நான் விளிக்காமலே வாறீங்களே?”

“அதுக்குக் கூலி இல்லியே” என்றார், ரொம்பத் தெளிவாக. எனக்குத்தான் தெளியவில்லை. கூலியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை, ஓடைப் பக்கத்திலும் பழையபடி களை பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாமி பயமாக இருக்குமோ என்று அதையும் மல்லன் காணியிடம் கேட்டுப் பார்த்தேன். சாமி இருக்கும் காடு அந்தப் பக்கம், தேக்குக்கும் சாமிக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

கோடை ஏறிக்கொண்டே வந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு மத்தியானம் சரிவில் உட்கார்ந்து வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை என் மரமண்டைக்கு எட்டாத ஒன்று எட்டியது. நாற்று நன்றாக வளர்ந்தால் நிழல் சீக்கிரம் விழும். நிழல் விழுந்தால் இவர்கள் சரிவை விட வேண்டும். களையைப் பறிக்கப் பறிக்க, இவர்கள் தங்கள் பயிரைத் தாங்களே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். களையை விட்டுவைத்தால் இன்னும் சில விளைச்சல் எடுக்கலாம். மற்ற ரேஞ்சுகளில் குடிகள் அதைத்தான் செய்தார்கள், அது எனக்குப் புரிகிறது. இவர்களுக்குப் புத்தியில் ஏதும் கோளாறோ என்றுகூட நினைத்தேன்.

நேரே குடிக்குப் போனேன். மல்லன் காணி மூங்கில் பிளந்துகொண்டிருந்தார், சிருதை கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

“தேக்கு நெழலு விழுந்தா நீங்க போயாகணும். தெரியுமா?”

“தெரியும்” என்றார் அவர்.

“தெரிஞ்சுமா இப்படி வளக்குதீங்க?”

“போவோம். காடு மூடும். எங்க புள்ளைகளுக்குப் புள்ளை பிறக்கும். பின்னே அவங்க வந்து வெட்டுவாங்க. நாங்க விட்டுட்டுப் போன மண்ணு கொடி கெட்டிக் கெடந்தா, எங்களை என்ன சொல்லுவாங்க ஏமானே?”

கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது. இவர்கள் வழக்கத்தில், விட்டுப் போவது என்றால் திரும்பி வருவதற்காகப் போவது. பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகிற மண் என்றுதான் அந்தச் சரிவைப் பார்த்திருக்கிறார்கள். பாதி வழி இறங்கும்போதே என் சந்தோஷம் வற்றிவிட்டது. தேக்குச் சரிவுக்கு இவர்கள் திரும்பி வரவே முடியாது. தேக்கு சர்க்கார் சொத்து. வெட்டினால் மறுபடியும் அங்கே தேக்குதான், காண்டிராக்டர் வைத்து நடுவார்கள். சரிவை விட வேண்டும் என்று சர்க்கார் சொன்னது. அவர்கள் தங்கள் வழக்கப்படி, விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வரலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். இடையில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இப்போது நான் என்ன செய்வது? சும்மா இருந்தால் எல்லாம் சுகம். ஆபீசரிடம் காரணத்தைச் சொல்லலாம், குடியும் மலையில் இருக்கும், தேக்கும் வளரும். நடக்கவே போகாத ஒன்றை நம்பி அவர்கள் உழைத்துக்கொண்டே இருப்பார்கள். உண்மையைச் சொன்னால் களை பறிப்பதைக் கைவிட்டுவிடுவார்கள். கைவிட்டால் சர்க்கார் குடியைக் கீழே இறக்கிவிடும். என்னோடு இருந்த காட்டுக் காவல் கார்டிடம் யோசனை கேட்டேன். அவன் மலையாளி, நல்ல மனசுக்காரன்.

“ஸாரே, மிண்டாம இருந்தா போராதோ?” என்றான்.

போதும்தான். ஆனால் அந்தக் குடியில் கஞ்சி குடித்திருக்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோது அவர்கள் தந்த கசாயத்தில் எழுந்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

மல்லன் காணி பிளந்த மூங்கிலை அடுக்கத் தொடங்கினார். சிருதைதான் கேட்டாள்.

“திரும்ப வரக்கூடாதுன்னு ஆரு பறஞ்சது?”

“சர்க்கார்.”

“எங்க புள்ளைகளுக்குப் புள்ளை பிறந்து வளரும்போளும் இதே சர்க்கார் இருக்குமாக்கும்?”

இருக்கும் என்றேன், எனக்கே நிச்சயம் இல்லாத குரலில். அவள் அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சரிவில் ஒரு ஆளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உச்சிப் பாறைப் பக்கம் கொடி தலைநீட்டத் தொடங்கியது. அப்படியானால் அதுதான் காரணம், சந்தேகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாயாலேயே ஒரு குடியைக் கீழே இறக்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஊருக்குப் போய் ஆபீசரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பகலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கார்டு ஓடி வந்தான். கீழே புல்மேட்டில் தீ.

காட்டுத் தீயை நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். காற்று மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தது, தீ புல்மேட்டிலிருந்து தேக்குச் சரிவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆட்கள் நாங்கள் ஒரு கையளவுதான். அடித்து அணைக்கிற தீ இல்லை அது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. தீ வந்து சேருமுன், அதன் வழியில் இருப்பதை நாமே எரித்து வெறுமையாக்க வேண்டும், தின்ன ஒன்றும் கிடைக்காமல் தீ அங்கேயே நிற்கும். எரிக்க வேண்டிய இடத்தில், சரிவின் அடியோரத்தில் தேக்கு வரிசைகளுக்கும் கீழே, நின்றது சிருதையின் துவரை. நன்றாக முற்றிக் காய்ந்து, அறுக்கிற பருவம்.

தேக்கைக் காப்பது என் உத்தியோகம். சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் துவரை சும்மா ஒரு ஓரப்பயிர். யோசிக்கவே நேரம் இல்லை, இருந்தும் கையில் தீப்பந்தத்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இனி உங்களுக்கு இந்த மண் இல்லை என்று அவளிடம் சொன்னவன் நான். அதே மண்ணில் சர்க்கார் தேக்கைக் காப்பாற்ற, அவள் வருஷச் சாப்பாட்டுக்கு எப்படி நெருப்பு வைப்பது? உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அப்போது ஓடைக்கு அக்கரையிலிருந்து குடியே வந்தது. ஆணும் பெண்ணும், கையில் பச்சைத் தழைக் கொப்போடு. துவரையைக் காப்பாற்றத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். சிருதையும் வந்ததும் வராததுமாகத் துவரையைக் கைக்குக் கிடைத்தமட்டும் பிடுங்கத் தொடங்கினாள்.

“விட்டுட்டு வாடி, தீ வந்தாச்சு” என்று அண்ணன் கத்தினார்.

“உன் துவரையாட்டு இருந்தா விடுவியா நீ?”

“எனக்கு எப்படி துவரை? நீதான் போட விடல்லியே.”

புகை கண்ணைக் கரிக்கிறது, தீ சடசடவென்று வருகிறது, அண்ணனும் தங்கையும் என்றைக்கோ நடந்த விதைப்புச் சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்கு நடுவிலேயே அவள் என் பக்கம் வந்தாள். என் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கினாள், தன் துவரைக்குத் தானே வைத்தாள். வைத்துவிட்டும் அண்ணனைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

துவரை பற்றிக்கொண்டது. அந்தத் தீ தேக்குப் பக்கம் திரும்பாமல் எல்லாரும் வரிசையாக நின்று கொப்பால் அடித்தார்கள். ரேஞ்சர் மேட்டில் நின்று ஆட்களை ஏவ வேண்டும், தீக்குள் இறங்கக் கூடாது என்பது நமது விதி. நான் எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. தலைப்பாகை எங்கோ போய்விட்டது, சட்டைக் கை எரிந்து தோள் வரை வந்தபோது கார்டு என்னைப் பிடித்து இழுத்தான். இரண்டு தீயும் முட்டிக்கொண்டு, தின்ன ஒன்றும் இல்லாமல் படுத்தன. கீழ்வரிசைத் தேக்கு கொஞ்சம் கருகியது. மற்றதெல்லாம் நின்றது.

ஓடையில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“இனி இங்க வர முடியாதுன்னு நான் சொன்னேன்லா. பின்ன எதுக்கு வந்தீங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மல்லன் காணி சொன்னார்: “குடிக்குப் பக்கத்துல தீ வந்தா சும்மா இருக்க முடியுமா?”

“குடி ஓடைக்கு அந்தப் பக்கம்லா இருக்கு. தீ தாண்டாதே.”

அவர் ஓடையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். “அது செரிதான்” என்று தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது அப்போதுதான் தோன்றியது போலிருந்தது.

“அப்ப இத்தனை நாளா களை பறிக்க வராதது ஏன்? நான் சொன்ன கோவத்துலயா?”

“தேன் எடுக்கப் போனோம்” என்றாள் சிருதை. “கோவமும் உண்டு. தேனும் எடுக்கணும்லா.” பிறகு கரிபிடித்த கையை என் முன்னால் நீட்டினாள். “இந்த வர்த்தமானமெல்லாம் இருக்கட்டும். எனக்கு வெதைத்துவரை ஆரு தருவா? ஏமான் தருவீரா, சர்க்கார் தருமா?”

நான் தருகிறேன் என்றேன். அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒரே கேள்வி அதுதான்.

கையில் கட்டோடு திருவனந்தபுரம் போய் ஆபீசர் முன்னால் நின்றேன். மேஜையில் குடிகளை இறக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“காரணம் என்ன ஓய்?”

பயிர் இல்லை, கூலி இல்லை, சாமி இல்லை, திரும்பி வரலாம் என்கிற நினைப்பு என்று எண்ணினேன், அதுவும் இல்லை போலிருக்கிறது என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். “தெரியல்ல சார்” என்று முடித்தேன். உத்தியோகத்தில் மேலதிகாரியிடம் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

“காரணம் தெரியாம, எதை நம்பி ஓய் அவாளை அங்கே விட்டு வைக்கறது?”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. “என்னை எதை நம்பி சார் அங்க விட்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“உமக்குச் சம்பளம் தரோமே.”

“தீக்குள்ள எறங்கதுக்குச் சம்பளம் இல்ல சார். எறங்கக் கூடாதுன்னுதான் விதி.”

“பின்னே ஏன் இறங்கினீர்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தேக்குக்காகவா? தேக்கு என்ன எனக்கு மாமனா மச்சானா? வேலை போய்விடும் என்ற பயமா? இறங்கியதற்குத்தான் வேலை போகும். சிருதையின் துவரைக்காகவா? அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் என் கைக்கட்டைப் பார்த்தார்.

“உமக்கே தெரியாததை அவாகிட்ட கேட்டுண்டு மலை ஏறி இறங்கிண்டிருந்தீராக்கும்” என்றார். உத்தரவை எடுத்துக் கையெழுத்தில்லாமல் ஓரமாக வைத்தார். “சரி, குடி அங்கேயே இருக்கட்டும். போம்.”

நான் போகவில்லை. “இன்னொண்ணு சார். தேக்கு வெட்டுத நாள்ல அவங்க திரும்பி வரலாமா?”

“அன்னிக்கு நீரும் இருக்கமாட்டீர், நானும் இருக்கமாட்டேன் ஓய்.”

“அவங்க இருப்பாங்க சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “அதை அன்னிக்கு உத்தியோகத்துல இருக்கறவா தீர்மானிக்கட்டும்” என்றார்.

நான் பென்ஷனாகும் வரை அந்தக் குடி மலையிலேயே இருந்தது. தேக்கு நிழல் விழுந்ததும், சொன்னபடி சரிவை விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போனார்கள். போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை களை பறித்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த மரங்கள் இப்போது நல்ல பருமன், உங்கள் உத்தியோக காலம் முடிவதற்குள் கோடாலிக்கு வந்துவிடும். அன்றைக்குச் சரிவு வெளிச்சமாகும், மல்லன் காணியின் பேரப்பிள்ளைகள் வெட்டுக்கத்தியும் விதையுமாக வந்து நிற்பார்கள். ஆபீசர் சொன்ன அந்த உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் நீங்கள்தான்.